பின் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று?

யாங்கோன் நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 2003 முதல் தடை இருக்கிறது. டயர்க் காற்றைப் பற்றிய அத்தியாயத்தை இந்தத் தடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த வட்டாரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எதைச் சுமக்கிறது என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானித்துவிட்டது. நகரத்தின் நடுவே தனியாளாக வேலைக்குப் போய்வருகிறவர் பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போகிறார். மோட்டார் சைக்கிள் ஆற்றுக்கு அப்பால்தான் தன் வேலையைச் செய்கிறது. பான்சோடான் துறையிலிருந்து படகேறி டாலாவில் இறங்கினால் துறை வாசலிலேயே மோட்டார் சைக்கிள்காரர்கள் சவாரிக்குக் கூப்பிடுவார்கள். துவாந்தே வரைக்கும், அதற்கு அப்பால் உள்ள கிராமங்களுக்கும் ஆளை ஏற்றிப் போகிற வண்டிகள் அவை. கிழக்கே பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தன்லியின், நம் பெரியவர்கள் சிரியம் என்று சொன்ன ஊர். அங்கிருந்து சவுத்தான் போகும் சாலையிலும் இதே நிலைதான். ஆக, இங்கே ஓடும் மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டி, அல்லது மூட்டை ஏற்றும் வண்டி, அல்லது ஒரு குடும்பமே உட்கார்ந்து போகும் வண்டி. காலையில் ஓட்டுநர் மட்டும், அரை மணி கழித்து இருவர், மதியம் அரிசி மூட்டை, மாலையில் மறுபடியும் தனியாள். ஒரே நாளில் சுமை இத்தனை முறை மாறும் வண்டிக்கு எவ்வளவு காற்று அடிப்பது என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி.

பலர் நினைப்பது போல இதற்கு ஒரே எண் பதிலாக இருக்க முடியாது. காற்றழுத்தம் வண்டியின் பெயரைப் பொறுத்ததோ, ஊரின் வெயிலைப் பொறுத்ததோ, ஓட்டுகிறவரின் பழக்கத்தைப் பொறுத்ததோ அல்ல. முதலில் அது அந்தச் சக்கரத்தின் மேல் இறங்கும் எடையைப் பொறுத்தது. மற்ற எல்லாம் அதற்குப் பின்னால் வரும் சிறு திருத்தங்கள். காற்றுக் கடையில் ‘முன்னால முப்பது, பின்னால முப்பது’ என்று இரண்டு சக்கரத்துக்கும் ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு நிற்பது இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. அந்த முப்பது, ஒல்லியான ஓட்டுநர் தனியாகப் போகும்போது ஏறத்தாழச் சரியாக இருக்கலாம். பின்னால் ஓர் ஆளும் அவர் மடியில் ஒரு மூட்டையும் ஏறியதும் அதே முப்பது ஆபத்தான குறைவு ஆகிவிடுகிறது. டயர் மாறவில்லை, காற்றும் மாறவில்லை. மாறியது எடை மட்டுமே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டயரின் ரப்பர் சுவர் தாங்கும் எடை மிகவும் கொஞ்சம். பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றுதான். சக்கரத்தின் மேல் இறங்கும் எடையை உள்ளே இருக்கும் அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழக் கிடைக்கும். இங்கே அதிகம் காணப்படும் ஹோண்டா வேவ் போன்ற, நூறு கிலோ அளவுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அறுபது கிலோ எடையுள்ள ஓட்டுநர் தனியாக உட்கார்ந்தால், வண்டியின் பாதிக்குச் சற்று மேலும் அவருடைய எடையில் மூன்றில் இரண்டு பங்கும் பின் சக்கரத்துக்குப் போகும். மொத்தம் ஏறத்தாழ 95 கிலோ. இன்னொரு அறுபது கிலோ ஆள் பின்னால் ஏறினால் அவருடைய எடை இரண்டு சக்கரத்துக்கும் சமமாகப் பங்காவதில்லை. அவர் உட்காருவது கிட்டத்தட்டப் பின் அச்சுக்கு மேலே என்பதால் அறுபதில் 55 கிலோவாவது பின் சக்கரத்துக்கே போகும். 95 கிலோ 150 ஆகிறது. முன் சக்கரமோ ஐந்து கிலோவைக்கூட முழுதாக உணர்வதில்லை. ஆகவே, ஆள் ஏறும்போது முன் சக்கரத்தைத் தொட வேண்டியதில்லை. பின் சக்கரத்தை மாற்றாமல் இருக்கவும் கூடாது.

பின் டயரில் 33 பிஎஸ்ஐ இருந்தால் தனியாளுக்குத் தொடும் பரப்பு சுமார் 41 சதுர சென்டிமீட்டர். அதே காற்றில் இருவர் போனால் அது 65 ஆகிவிடும். பரப்பு கூடினால் பிடிப்பும் கூடும் என்று மகிழ வேண்டாம். அந்தப் பரப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். டயர் அமுங்கி, பக்கச் சுவர் வளைந்து கொடுத்ததால்தான் பரப்பு கூடியது. சக்கரம் ஒருமுறை சுற்றும்போது சுவரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. 17 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டரில் ஐந்நூறு தடவைக்குமேல் சுற்றும். வளைவு எவ்வளவு ஆழமோ அவ்வளவு வெப்பம் ரப்பருக்குள்ளேயே பிறக்கும். ரப்பர் வெப்பத்தை வெளியே கடத்துவதில் மந்தமானது. நூல் அடுக்குக்கும் ரப்பருக்கும் இடையே உள்ள ஒட்டு தளரும், ட்யூப் இளகும், பழைய பஞ்சர் ஒட்டு பெயரும். பாதி வழியில் வெடித்த டயருக்குப் பலர் வெயிலைப் பழிக்கிறார்கள். வெயில் துணைபோயிருக்கும். ஆனால், தொடங்கி வைத்தது பெரும்பாலும் குறைந்த காற்றும் கூடிய சுமையும்தான்.

வண்டி செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் கம்பியிலோ, கையேட்டிலோ அவர்கள் ஒட்டியும் அச்சிட்டும் வைத்த பட்டியலில் பின் சக்கரத்துக்கு இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று தனியாளுக்கு, மற்றொன்று இருவருக்கு. வேவ் வகை வண்டிகளில் பொதுவாகக் காணப்படுவது முன்னால் 200 கிலோபாஸ்கல், பின்னால் தனியாளுக்கு 225, இருவருக்கு 280. பிஎஸ்ஐயில் சொன்னால் 29, 33, 41. இந்தியாவில் லட்சக்கணக்கில் ஓடும் ஹீரோ ஸ்பிளெண்டரின் பட்டியலில் முன்னால் 25, பின்னால் தனியாளுக்கு 28, ஆள் ஏறினால் 40 அளவில் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களின் பட்டியலிலும் பின்னால் ஆள் ஏறுவது எட்டு முதல் பன்னிரண்டு பிஎஸ்ஐ வரை வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். இதை ஒன்றிரண்டு பிஎஸ்ஐ விவகாரமாக நினைத்துத்தான் பலர் அந்த இரண்டாவது எண்ணைப் படிக்காமலே விடுகிறார்கள். உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் எண் இவற்றிலிருந்து மாறுபட்டால் அதையே பின்பற்றுங்கள். இங்கே சொன்னவை சுமைக்கு ஏற்ப எண் எப்படி நகர்கிறது என்று காட்டுவதற்கு மட்டுமே.

யாங்கோன் வட்டாரத்தில் அந்த ஸ்டிக்கரைப் படிப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தாய்லாந்திலிருந்து வந்த வண்டி, சீனாவிலிருந்து வந்த கென்போ, இந்தியாவின் டிவிஎஸ், பஜாஜ் எல்லாம் ஒரே தெருவில் ஓடுகின்றன. ஒன்றில் கிலோபாஸ்கல், ஒன்றில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ, மற்றொன்றில் பிஎஸ்ஐ. கடையில் இருக்கும் கேஜிலோ பிஎஸ்ஐயும் பாரும் இரண்டு வளையமாக இருக்கும். 100 கிலோபாஸ்கல் என்பது ஒரு பார், அது 14.5 பிஎஸ்ஐ. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது 14.2 பிஎஸ்ஐ. ஸ்டிக்கரில் 2.25 என்று பார்த்தால் பதினான்கால் பெருக்கி, கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும், 32 வரும். உங்கள் வண்டியின் மூன்று எண்களையும் பிஎஸ்ஐயாக மாற்றி, வெள்ளைப் பெயிண்டில் மட்கார்டின் உள்பக்கம் எழுதிவிடுங்கள். சீன எழுத்தோ தாய் எழுத்தோ படிக்கத் தெரியாத ஒரு பையன் காற்றடிக்கும்போது அந்தப் பெயிண்ட் எழுத்துதான் உங்களுக்காகப் பேசும்.

ஸ்டிக்கர் இருந்தும் அதைப் பார்க்காமல், டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணையே காற்றின் அளவாக எடுத்துக்கொள்வோர் பலர். அந்த எண் சொல்வது வேறு. அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச எடையும் அதற்குத் தேவையான அழுத்தமும்தான் அங்கே இருக்கின்றன. டயர் செய்தவருக்கு அது எந்த வண்டியில் மாட்டப்படும் என்று தெரியாது. அதே பக்கத்தில் அளவை ஒட்டி 44பி, 50பி என்று ஒரு குறி இருக்கும். அது பயனுள்ள குறி. 44 என்றால் அந்த டயர் 160 கிலோ தாங்கும், 50 என்றால் 190 கிலோ. பி என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை என்று பொருள்படும். அந்த வேகத்துக்கு இங்கே வேலையில்லை. நாம் முன்பு போட்ட கணக்கில் இருவர் ஏறியதும் பின் சக்கரத்துக்கு 150 கிலோ வந்துவிட்டது. 44 என்று குறித்த டயரில் மிச்சம் பத்தே கிலோ. ஒரு மூட்டை அரிசி முப்பது வீசை, அதாவது சுமார் 49 கிலோ. ஓட்டுநர், பின்னால் ஓர் ஆள், அதற்கும் பின்னால் ஒரு மூட்டை என்றால் 50 என்று குறித்த டயருக்கே அது தாங்காத சுமை. டயர் தாங்கும் என்று சொன்ன எடையும் முழு அழுத்தம் இருந்தால் மட்டுமே செல்லும். காற்றைப் பத்து பிஎஸ்ஐ குறைவாக விட்டுவிட்டு 160 கிலோ ஏற்றினால், டயர் செய்தவர் கொடுத்த வாக்கை நாமே ரத்து செய்துவிடுகிறோம்.

இனி டாலா துறையில் நிற்கும் ஓட்டுநரின் நியாயமான கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு சவாரிக்கும் காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது, அவசியமும் இல்லை. இரண்டு பக்கத்துத் தவறும் ஒரே அளவு கேடு செய்வதில்லை என்பதுதான் இதற்கு வழி காட்டுகிறது. இருவருக்கான 41 பிஎஸ்ஐயை வைத்துக்கொண்டு திரும்பும்போது தனியாக வந்தால் என்ன இழப்பு? பள்ளத்தில் கொஞ்சம் துள்ளும், முதுகுக்கு இதமாக இருக்காது, டயரின் நடுப்பகுதி சற்று விரைவாகத் தேயும், ஈரச் சாலையில் பின் பிரேக் பிடித்தால் முன்பைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வழுக்கும். இவையெல்லாம் நிதானமாக ஓட்டினால் சமாளிக்கக்கூடியவை. தனியாளுக்கான 33ஐயோ அதற்கும் குறைவானதையோ வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஆளும் மூட்டையும் ஏற்றினால், மேலே சொன்ன வெப்பமும் வெடிப்பும் ரிம் அடிபடுவதும் காத்திருக்கின்றன. அதனால் என் தீர்ப்பு இது. அன்றாடம் சுமக்கும் அதிகபட்சச் சுமை எதுவோ, அதற்கான எண்ணைப் பின் சக்கரத்துக்கு நிரந்தரமாக வைத்துவிடுங்கள். எப்போதோ ஒருமுறை ஏற்றும் சுமையை அல்ல, அன்றாடம் ஏற்றுவதை. வாடகை ஓட்டுநருக்கு அது இருவருக்கான எண். தனியாகப் பள்ளிக்கூடம் போய்வரும் ஆசிரியைக்கு அது தனியாளுக்கான எண். ஞாயிறன்று அக்காவை ஏற்றிக்கொண்டு பகோடாவுக்குப் போனால் அன்று காலையில் எட்டு பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளட்டும். தொழிலாகச் சுமப்பவர், எப்போதாவது சுமப்பவர் என்ற இந்த ஒரு பிரிவு போதும். அதற்குமேல் நுணுக்கம் வேண்டாம்.

இதை மறுத்துச் சொல்லப்படுவனவற்றில் முதலாவது வெயில். ஏப்ரலில் இங்கே பகல் வெப்பம் 37 பாகையை எட்டுகிறது, சாலை அதைவிடக் கொதிக்கிறது, காற்று விரிந்து டயர் வெடிக்கும், ஆகவே திஞ்ஜான் புத்தாண்டுச் சமயத்தில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். காற்று விரிவது உண்மை. எவ்வளவு என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. முப்பது பிஎஸ்ஐ அளவில் வெப்பம் பத்து பாகை கூடினால் அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். ஜனவரி விடியலில் 18 பாகை, ஏப்ரல் மதியம் 37 பாகை என்றால்கூட வித்தியாசம் மூன்று பிஎஸ்ஐக்குள்தான். நல்ல நிலையில் உள்ள டயருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணே குளிர்ந்த டயருக்கானது. ஓடும்போது சூடேறி அழுத்தம் கூடும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். காற்றைக் குறைத்தால் நடப்பது எதிர்மாறானது. சுவர் அதிகம் வளைகிறது, வெப்பம் அதிகம் பிறக்கிறது, எதற்குப் பயந்தோமோ அதையே வரவழைக்கிறோம். ஓடி வந்து நின்ற சூட்டில் கேஜ் வைத்துப் பார்த்து, ‘கூடிப்போச்சு’ என்று காற்றை இறக்குவதும் இதே தவறுதான். மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் அது குறைவாகவே இருக்கும்.

சூட்டில் கூடும் அழுத்தம் நமக்குப் பயன்படவும் செய்கிறது. நீங்கள் வைத்த எண் உங்கள் சுமைக்குச் சரியா என்று சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. காலையில் குளிர்ந்த டயரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான சுமையோடு இருபது கிலோமீட்டர் ஓடிய உடனே மறுபடி அளந்து பாருங்கள். பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தால், அதாவது 40 என்பது 44 ஆகியிருந்தால், சரியான இடத்தில் இருக்கிறீர்கள். ஏழு எட்டு பிஎஸ்ஐ கூடியிருந்தால் டயர் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது, குளிர்ந்த நிலையில் இன்னும் காற்று வேண்டும் என்று பொருள். ஒன்றோ இரண்டோதான் கூடியது என்றால் காற்று தேவைக்குமேல் இருக்கிறது. இந்தச் சோதனையை நிழலில் நின்று செய்ய வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டியின் கறுப்பு டயர் ஓடாமலே சூடேறி, கணக்கைக் குழப்பிவிடும்.

இரண்டாவது மறுப்பு மழைக்காலத்தைச் சேர்ந்தது, இது சற்று வலுவானது. யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை. சாலையில் தண்ணீர் நிற்கும்போது காற்றைக் குறைத்தால் டயர் அகன்று பிடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தேங்கிய நீரில் நடப்பது வேறு. டயர் தன் அடியில் உள்ள தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ளினால்தான் தார் அதற்கு எட்டும். பிதுக்கும் வலு அழுத்தத்திலிருந்து வருகிறது. 1960களில் நாசாவில் வால்டர் ஹார்னும் அவருடைய சகாக்களும் விமானச் சக்கரங்களை வைத்துச் செய்த ஆய்வு, டயர் எந்த வேகத்தில் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் என்பது அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று காட்டியது. அந்தச் சூத்திரத்தில் 29 பிஎஸ்ஐக்கு மணிக்கு 90 கிலோமீட்டர் வருகிறது, 20 பிஎஸ்ஐக்கு 74. மோட்டார் சைக்கிள் டயர் குறுகலானது, உருண்டையானது என்பதால் அது விமான டயரைவிடத் தண்ணீரை எளிதாகக் கிழிக்கும். ஆகவே எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. காற்றைக் குறைத்தால் மிதப்பது முந்திக்கொள்ளும். மழைக்குத் தேவையானது டயரின் வெட்டுப் பள்ளங்களும் நிதானமான வேகமும். பள்ளம் தேய்ந்து வழவழப்பான டயரை வைத்துக்கொண்டு காற்றில் பரிகாரம் தேடுவது வீண்.

மழையைச் சொன்னதும் சேற்றைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே மறுப்பவர்கள் பக்கம் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். துவாந்தே சாலையைவிட்டு வயல் நடுவே போகும் மண் பாதையில் டெல்டாவின் களிமண் நனைந்தால் விறைத்த டயர் சுழன்றுகொண்டே நிற்கும். காற்று குறைந்த டயர் அகன்று மண்ணைப் பற்றும். சேற்றுப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் பதினைந்து பிஎஸ்ஐக்கும் கீழே போகிறார்கள். ஆனால், டயர் ரிம்மிலேயே நழுவாமல் இறுக்கிப் பிடிக்கும் பூட்டு அவர்கள் சக்கரத்தில் இருக்கிறது. நம் வண்டியில் அது கிடையாது. காற்றைக் குறைத்து முறுக்கினால் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். கூடவே ட்யூபும் நகரும், வால்வு மட்டும் ரிம்மின் துளையில் சிக்கி நிற்கும். வால்வு சாய்ந்து நிற்பதைக் கண்டால் அது ட்யூபின் அடிவேர் கிழிவதற்கு முந்தைய எச்சரிக்கை. அந்த இடத்தில் கிழிந்தால் பஞ்சர் ஒட்டவும் முடியாது. அதனால் சேற்றுக்கு ஒரு சலுகை உண்டு, அளவோடு. மூன்று பிஎஸ்ஐ வரை குறைக்கலாம், ஆள் நடக்கும் வேகத்துக்குச் சற்றுமேல் மட்டும் போகலாம், பின்னால் ஆள் இருந்தால் அந்த இடத்தை நடந்து கடக்கச் சொல்லலாம். தார்ச் சாலை வந்ததும் திரும்ப அடிக்க வேண்டும். கையில் பம்பு இல்லாதவர் குறைக்கவே கூடாது.

எதிர்த் திசையிலும் ஒரு வாதம் வருகிறது. பெட்ரோல் விலை ஏறிய இந்த ஆண்டுகளில், டயரைக் கல்லாக அடித்துவிட்டால் லிட்டருக்கு அதிகம் ஓடும் என்கிறார்கள். கார்களுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு இது: நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருளில் 0.2 சதவீதம் வீணாகிறது. ஐந்து பிஎஸ்ஐ குறைவு ஒரு சதவீதம். மோட்டார் சைக்கிளில் அது சற்று வேறுபடலாம், ஆனால் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கும். காற்று குறையாமல் பார்த்துக்கொண்டால் கிடைக்கும் சேமிப்பு உண்மையானது. ஸ்டிக்கரைத் தாண்டி ஏற்றிக் கிடைப்பதோ மிகச் சொற்பம், அதற்குக் கொடுக்கும் விலை பிரேக் பிடிக்கும்போது தெரியும். அதிகக் காற்றால் பஞ்சர் குறையும் என்பதில் பாதி உண்மை. ஆணி எந்த டயரிலும் ஏறும். காற்றுக் குறைவால் வரும் பஞ்சர் வேறு வகை. பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது டயர் ரிம் வரை நசுங்கி, நடுவில் ட்யூப் சிக்கி, அக்கம்பக்கமாக இரண்டு கீறல் விழும். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கும்போது இரண்டு இடத்தில் குமிழி வந்து, டயரில் ஆணியும் இல்லை என்றால், குற்றவாளி பள்ளம் மட்டுமல்ல, குறைந்த காற்றும்தான். கடைக்காரரிடம் ட்யூபைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒட்டியதற்கான காசைவிட அந்தத் தகவல் மதிப்புள்ளது.

கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பவர்களுக்கு: 17 அங்குல டயரின் சுவரில் 25க்கும் 35க்கும் உள்ள வேறுபாட்டை விரல் உணராது. காலால் உதைத்துப் பார்ப்பதும் அப்படியே. முழுக்க இறங்கியதை மட்டும் அவை சொல்லும், நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய செய்தி. கடையின் கேஜையும் முழுதாக நம்ப வேண்டாம். நாளெல்லாம் தரையில் விழுந்து, ஈரத்தில் கிடந்து, அது இரண்டு மூன்று பிஎஸ்ஐ தவறாகக் காட்டினால் வியப்பில்லை. விலை குறைந்ததாக இருந்தாலும் சொந்தமாக ஒரு கேஜ் வைத்திருங்கள். எப்போதும் அதே கேஜில் அளந்தால், அது சிறிது பிசகாக இருந்தாலும் காற்று இறங்குவதையும் ஏறுவதையும் சரியாகச் சொல்லும். சொந்த பம்பும் இந்த ஊரில் ஆடம்பரம் அல்ல. மின்வெட்டு நேரத்தில் கடையின் கம்ப்ரஸர் ஓடாது, வண்டி ஏறிச் செல்ல வேண்டிய ஆளோ படகில் வந்து இறங்கிவிடுவார். காலால் மிதிக்கும் பம்பில் பத்து பிஎஸ்ஐ ஏற்றச் சில நிமிடங்களே ஆகும். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிக்கச் சொன்னால் காசு கொடுக்க வேண்டாம். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

அளக்கும் நேரம் விடியற்காலை, வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு. குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். கடை வரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்குமேல் ஓடிய டயரில் அடிக்க நேர்ந்தால், ஸ்டிக்கர் எண்ணோடு மூன்று பிஎஸ்ஐ கூட்டி அடித்துவிட்டு மறுநாள் காலை திருத்திக்கொள்ளுங்கள். வாடகைக்கு ஓடுகிறவர் வாரம் ஒருமுறையும், மற்றவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஓட்டையே இல்லாத ட்யூபிலும் மாதம் ஓரிரு பிஎஸ்ஐ ரப்பரின் வழியே கசிந்துவிடும். பத்து அங்குலச் சக்கரம் உள்ள மின் ஸ்கூட்டருக்கு வாரம் ஒருமுறை கட்டாயம். உள்ளே இருக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சிறு கசிவும் அழுத்தத்தை விரைவாகக் குறைக்கும், பேட்டரியின் எடையோ ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் எப்போதும் அதன் மேலேயே இருக்கிறது. அளந்து முடித்ததும் வால்வின் வாயில் எச்சில் தொட்டுப் பார்த்து, குமிழி வராவிட்டால் மூடியைப் போட்டு முறுக்குங்கள். மூடி தொலைந்திருந்தால் அன்றே வாங்குங்கள். டெல்டாவின் சேறு வால்வின் ஊசிக்குள் புகுந்து காய்ந்தால், அதற்குமேல் எத்தனை முறை அடித்தாலும் காற்று நிற்காது.

காற்றால் சரிசெய்ய முடியாத நிலைகளும் உண்டு. ஒரே வாரத்தில் ஐந்து பிஎஸ்ஐக்குமேல் இறங்கினால் ட்யூபில் ஊசி முனை ஓட்டை இருக்கிறது, கழற்றிப் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் முடி போன்ற வெடிப்புகள் சுற்றிலும் ஓடினாலோ, ஓரிடத்தில் வீக்கம் தெரிந்தாலோ அந்த டயருக்கு எந்த எண்ணும் சரியான எண் ஆகாது. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. புதியது என்று விற்கும் டயரையும் அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்த பிறகே வாங்குங்கள். ஐந்தாறு ஆண்டுகள் வெயிலிலும் கிடங்கிலும் கிடந்த ரப்பர், ஓடாமலே இறுகிப்போயிருக்கும். பின் டயரை மாற்றும்போது அன்றாடச் சுமை இருவருக்குக் குறையாது என்றால், அதே அளவில் 44க்குப் பதில் 50 என்று குறித்த டயரைக் கேளுங்கள். புது ட்யூபையும் சேர்த்தே மாட்டுங்கள். மாட்டிய மறுநாள் காலை காற்றை ஒருமுறை பாருங்கள், ட்யூப் உள்ளே விரிந்து படியும்போது ஓரிரு பிஎஸ்ஐ குறைந்திருக்கும்.